கல்லோடு கல்லாக ஒரு செடி

ஏற்றத்தில் என் முட்டி மக்கர் பண்ணும். அதனால் குழுவில் எப்போதும் கடைசி ஆள் நான்தான். கிழக்குத் திபெத்தின் காம் பகுதியில், லகாங் புல்வெளியிலிருந்து மலைப் பக்கம் நடந்தபோது அதுவே வசதியாகிப்போனது. குதிரைக்காரரும் கடைசியில்தான் வருவார். அவர் கண் முழுக்கத் தரையில்தான்.

ஆடி மாதம், விட்டுவிட்டு மழை. ஓக் மரங்களுக்கு அடியில் குனிந்து சருகை ஒதுக்கினார். மண் லேசாகப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே மட்சுடாகே காளான்! குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, குழியை மண்ணும் சருகும் போட்டு மூடினார். மூடாவிட்டால் அடுத்த வருடம் அங்கே முளைக்காதாம். மொட்டாக இருப்பதைத்தான் ஜப்பானியர்கள் காசு கொட்டி வாங்குவார்கள். குடை விரிந்தவை எங்கள் சட்டிக்கு வந்தன. வெண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. பட்டையும் பைன் பிசினும் கலந்த வாசம். புழுவின் தலையைப் பிளந்துகொண்டு முளைக்கும் யார்ட்சா கும்பு என்ற பூஞ்சையின் பருவம் முன்பே முடிந்திருந்தது. நல்லவேளை.

மேலே போனால் நீலப் பாப்பி. உடம்பெல்லாம் முள். ஒரே முறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். எல்லோரும் படம் எடுத்தார்கள், நானும்தான்.

ஆனால் என்னை உட்கார வைத்தது சரளைச் சரிவில் இருந்த ஃப்ரிட்டிலாரியா என்ற கிழங்குச் செடி. குதிரைக்காரர் கம்பு நுனியால் தொட்டுக் காட்டிய பிறகும் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. இலை அச்சு அசல் கல் நிறம். இருமல் மருந்துக்காக இதன் கிழங்கைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டுகிறார்கள். பச்சையாக இருப்பது கண்ணில் பட்டுப் போய்விடும். கல் நிறச் செடி தப்பி விதை விடும். 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில் சீனாவின் குன்மிங் நகரத் தாவரவியலாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்: ஆட்கள் அதிகம் தோண்டும் இடங்களில்தான் செடி கல்லோடு அதிகம் ஒத்துப்போகிறது. ஆடு மாடு மேய்ந்த தடம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒளிவதெல்லாம் நமக்குப் பயந்துதான்.

தோண்டப் போகிறாரா என்று வழிகாட்டிப் பையன் மூலம் கேட்டேன். "இன்னும் சின்னது, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

பிகாவுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. வால் இல்லாத அந்தக் குட்டி முயல் இனம் வெட்டவெளியில் கத்திக்கொண்டு ஓடும். குளிர்காலத்தில் தூங்குவதுமில்லை, யாக் சாணத்தைத் தின்றுகூடச் சமாளிக்கும். மேய்ச்சல் புல்லைத் தீர்க்கிறது என்று பல வருடம் விஷம் வைத்தார்கள். அதன் வளை இல்லாவிட்டால் பனிக்குருவிக்குக் கூடு ஏது, நரிக்குச் சாப்பாடு ஏது? அன்று சாயங்காலம் சதுர முகத் திபெத்திய நரி ஒன்று வளை முன்னால் படுத்துக் காத்திருந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.