163 விநாடிகள்: பழைய வன்தட்டிலிருந்து ஒரு மைன்ஸ்வீப்பர் பதிவை மீட்ட அனுபவம்

சென்ற ஆண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுந்த வாக்குவாதம் மிகவும் அற்பமானது. திருகோணமலை உவர்மலை வீட்டிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், மைன்ஸ்வீப்பர் என்ற விளையாட்டின் மிகக் கடினமான எக்ஸ்பேர்ட் நிலையை, அதாவது 30க்கு 16 கட்டங்களில் 99 கண்ணிவெடிகள் ஒளிந்திருக்கும் பலகையை, ஆகக் குறைந்த நேரத்தில் முடித்தவர் யார் என்பதே கேள்வி. கனடாவிலுள்ள சின்ன மாமா தாம்தான் என்றார். கொழும்பிலுள்ள மச்சானோ, மாமா ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே அந்தப் பதிவைத் தான் முறியடித்துவிட்டதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கணினி என் பொறுப்பில் கிடந்ததால், தீர்ப்புச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கணினி உயிருடன் இல்லை. கடற்காற்றின் உப்பு தாய்ப்பலகையை அரித்திருந்தது; மின்விசிறி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். திருத்தக் கொண்டுபோன கடையில், வன்தட்டை ஃபோர்மட் செய்து வேறு கணினிக்குப் போட்டுத் தருவதாக உற்சாகமாகச் சொன்னார்கள். நான் வன்தட்டைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். அது பழைய ஐடிஇ இணைப்பு வகையாதலால் யூஎஸ்பி மாற்றி ஒன்றை வரவழைத்து என் மடிக்கணினியுடன் இணைத்தேன். சற்று முனகிய பின் கோப்புகளைக் காட்டியது.

விளையாட்டின் கோப்புறையில் புள்ளிகளைத் தேடியது என் முதல் தவறு. விண்டோஸ் 3.1 காலத்தில் மைன்ஸ்வீப்பர் தன் பதிவுகளை ஐஎன்ஐ என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறிய உரைக் கோப்பில் எழுதி வைத்தது. எக்ஸ்பியில் அவை ரெஜிஸ்ட்ரிக்குள், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்குள், பயனருக்குரிய பகுதியில் இருக்கின்றன. இயங்காத கணினியின் ரெஜிஸ்ட்ரியை எப்படித் திறப்பது என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். ஒவ்வொரு பயனரின் ரெஜிஸ்ட்ரிப் பகுதியும் அவருடைய கோப்புறையிலேயே என்டியூசர்.டாட் என்ற மறைக்கப்பட்ட கோப்பாக இருக்கிறது என்பது தெரிந்த பிறகு வழி பிறந்தது. அதன் பிரதியொன்றை எடுத்து (மூலக் கோப்பில் கைவைக்க வேண்டாம், ரெஜிஸ்ட்ரி எடிட்டர் அதில் எழுதிவிடும்), எடிட்டரை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பயனர்களின் பகுதிகள் அடங்கும் எச்கீ யூசர்ஸ் என்பதைத் தெரிவுசெய்தபின் கோப்புப் பட்டியலிலுள்ள லோட் ஹைவ் கட்டளையால் ஏற்றினேன் (ஹைவ் என்பது இப்படிக் கோப்பாக இருக்கும் ரெஜிஸ்ட்ரிப் பகுதி). எச்கீ யூசர்ஸையோ எச்கீ லோக்கல் மெஷினையோ தெரிவுசெய்யாவிட்டால் அந்தக் கட்டளை மங்கலாகவே இருக்கும். அதற்கும் எனக்கு அரை மணித்தியாலம் போயிற்று.

கணினியில் இரண்டு கணக்குகள் இருந்தன. உயர்தரப் பரீட்சைக்காக நான் தனியாக வைத்திருந்த கணக்கில் எக்ஸ்பேர்ட் நேரம் 999, பெயர் அநாமதேயம். ஒருவரும் வெல்லாதபோது விளையாட்டு தானாக இட்டுவைக்கும் மதிப்பு அது. பொதுக் கணக்கைப் பிரதியெடுத்து, மைன்ஸ்வீப்பருக்குரிய வின்மைன் என்ற பகுதியை ஓர் உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து பார்த்தேன். மூன்று நிலைகளுக்கும் மூன்று நேரங்களும் மூன்று பெயர்களும் இருந்தன. எக்ஸ்பேர்ட் நேரத்துக்கு நேரே, சைபர்களின் வால் நுனியில், ஏ3 என்று இருந்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் அக்காவின் மகள், “பதினறும எண் மாமா, ஏ என்றால் பத்து, பத்துப் பதினாறு 160, கூட்டல் மூன்று” என்று நான் கல்குலேட்டரைத் தேடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

163 விநாடிகள். ஆனால் பெயர் மாமாவுடையதும் அல்ல, மச்சானுடையதும் அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் இருந்தன. யாரோ விசைப்பலகையில் கையைப் போட்டு அடித்திருக்கிறார்கள் என்று மூடப்போனேன். ஆங்கில விசைகளின் எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் ஒருகாலம் தட்டச்சு செய்திருந்தபடியால், சற்றுப் பிந்தியே விரல்களுக்கு விளங்கிற்று: அந்த ஐந்து விசைகளையும் பாமினியில் அழுத்தினால் வருவது ‘அம்மா’.

அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். “வேற ஆர்? நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் அடிச்சு முடிய ஒண்டு ரெண்டு விளையாடுவன். பேர் கேட்டுது, அடிச்சன்” என்றார் அம்மா. கண்ணைத் தாளில் வைத்துத் திரையைப் பாராமல் தட்டச்சு செய்பவர் அவர். பெட்டிக்குள் ஆங்கில எழுத்து விழுந்ததை அவர் கவனித்திருக்கவே மாட்டார்.

இதனால் வாக்குவாதம் தீர்ந்துவிடவில்லை, தீரவும் முடியாது. எக்ஸ்பியின் மைன்ஸ்வீப்பர் ஒரு நிலைக்கு ஒரே ஒரு நேரத்தைத்தான் வைத்திருக்கும். அதைவிடக் குறைந்த நேரம் வந்தால் பழையதை அழித்து அதே இடத்தில் எழுதும். திகதி இல்லை, தோல்விக் கணக்கு இல்லை, இரண்டாமிடம் இல்லை. விண்டோஸ் 7இன் மைன்ஸ்வீப்பர் ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து சிறந்த நேரங்களைத் திகதியுடன் காட்டும், ஆடியவை, வென்றவை, தொடர் வெற்றிகள் எல்லாவற்றையும் எண்ணும். நாங்கள் வரலாறு என்று நம்பியிருந்தது, கடைசியாக வென்றவரின் பெயர்ப்பலகை மட்டுமே.

அதே என்டியூசர்.டாட் கோப்பில், ஃப்ரீசெல் என்ற சீட்டு விளையாட்டில் அப்பாவின் கணக்கும் இருந்தது. அதில் மொத்த வெற்றி, மொத்தத் தோல்வி, நீண்ட தொடர்கள் எல்லாம் உண்டு, ஆனால் எந்த ஆட்டம், எப்போது என்பது இல்லை. முதல் 32,000 ஆட்டங்களில் தீர்க்கவே முடியாத ஒரே ஆட்டமான 11982ஐ அவர் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பிடிவாதமாக ஆடியது எனக்கு நினைவிருக்கிறது. அத்தனையும் தோல்வி எண்ணிக்கைக்குள் பெயரின்றிக் கரைந்து கிடக்கின்றன.

பதிவைப் புதிய கணினிக்கு மாற்றுவது எளிதாகவே முடிந்தது. ஏற்றுமதி செய்த கோப்பில், ஹைவை ஏற்றும்போது நான் இட்ட பெயரோடு பாதை எழுதப்பட்டிருக்கும். அதை எச்கீ கரண்ட் யூசர் (இப்போதைய பயனரின் பகுதி) என்று திருத்தாமல் இறக்கினால் பயனில்லை. திருத்திய பின், பழைய தட்டிலிருந்தே எடுத்த விளையாட்டைத் திறந்தேன். 163 வந்து நின்றது. இதே கோப்பில் ஏ3ஐ அழித்து 1 என்று எழுதினாலும் விளையாட்டு அப்படியே நம்பும் என்பதை மச்சானிடம் நான் சொல்லவில்லை.

இப்போது இரவில் நானும் ஆடுகிறேன். என் சிறந்த நேரம் 241 விநாடிகள். அது எங்கும் பதிவாகாததால், நாட்காட்டியின் பின்புறத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.