அறுபதுக்கு மேல் பெரிய மலை: ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தயாராவது

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவின் உச்சி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மச்சாமே வழியாகப் போகிறவர்கள் சுமார் 4,670 மீட்டர் உயரத்திலுள்ள பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவார்கள். 5,895 மீட்டர் உச்சியைத் தொடும்போது விடிந்திருக்கும். ஏற்றம் ஏறக்குறைய 1,200 மீட்டர். அன்றிரவு படுக்கப்போகிற ம்வேக்கா முகாமோ 3,100 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக, தூக்கமில்லாத உடம்போடு அதே நாளில் கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறங்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு மலைக்குத் தயாராகிறவர்கள் மாதக்கணக்கில் மூச்சைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். முழங்காலின் நினைவு வருவது அந்த இறக்கத்தில்தான்.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிப் பார்ப்பது நல்லது. வீட்டாருக்காக இல்லாவிட்டாலும் நமக்காக. பலருக்கு இது முப்பது வருடம் தள்ளிப்போட்ட ஆசை. பிள்ளைகள் வளர்ந்து, வேலை முடிந்து, முதல்முறையாக ஆறு மாதத்தைத் தன் உடம்புக்கென்று ஒதுக்க முடிகிறது. சிலர் துணையை இழந்த பிறகு வருகிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஒரு காரணம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. பெரிய நோயிலிருந்து மீண்டவர்கள் உடம்பின் மீது இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற வருகிறார்கள். சாதனைக்காக வருகிறவர்களும் உண்டு. ஜப்பானியரான யுய்ச்சிரோ மியுரா 2003-இல் 70 வயதிலும், 2008-இல் 75 வயதிலும், 2013-இல் 80 வயதிலும் எவரெஸ்ட் ஏறினார். அதே நாட்டுப் பெண் தமாயே வாதனாபே 2012-இல் 73 வயதில் ஏறினார். 2008-இல் 76 வயதில் ஏறிய நேபாளத்தின் மின் பகதூர் செர்ச்சன், மறுபடி முயன்றபோது 2017-இல் அடிவார முகாமில் காலமானார்.

எந்தக் காரணமும் தாழ்ந்ததில்லை. ஆனால் எங்கே திரும்புவீர்கள் என்பதை அந்தக் காரணம்தான் முடிவு செய்கிறது. நடக்கவும் பார்க்கவும் வந்தவருக்கு 5,000 மீட்டரில் திரும்புவது வருத்தம், அவ்வளவுதான். இத்தனை மீட்டர் என்ற எண்ணைத் தொட வந்தவருக்கு அது தோல்வி, அதனால் உயரத்தால் வரும் தலைவலியை மறைப்பார். ஆகவே "எத்தனை மணிக்கு, எந்த அறிகுறி வந்தால் திரும்புவேன்" என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி, கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மேலே போய் முடிவெடுத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். முடிவெடுக்கிற மூளைக்கும் அந்தக் குறைந்த காற்றிலிருந்துதான் ஆக்ஸிஜன் கிடைக்கிறது.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். முப்பது வயதுக்குப் பிறகு, உடல் உச்சபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் அளவு பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்குக் குறைவு இதைவிட மெதுவாக நடக்கிறது. ஆனால் மலையில் உச்சபட்ச வேகத்தில் யாரும் நடப்பதில்லை. கிளிமஞ்சாரோ வழிகாட்டிகள் நாள் முழுக்கச் சொல்வது "போலே போலே", மெதுவாக மெதுவாக என்றுதான். இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வேகத்துக்குத் தன்னைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. வயதானவருக்கு அது இயல்பாகவே வருகிறது. மியுரா 80 வயதில் கடைப்பிடித்த முறையும் இதுதான்: பாதி நாள் நடை, மீதி நாள் ஓய்வு, வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள். பயண நிறுவனம் ஆறு நாள், எட்டு நாள் என்று இரண்டு திட்டம் வைத்திருந்தால், செலவு கூடினாலும் எட்டு நாளையே எடுங்கள். வேறு எந்தச் சாதனத்தில் போடும் பணமும் இவ்வளவு பலன் தராது.

பயிற்சிக்குக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். அதற்குக் காரணம் மூச்சு அல்ல, தசைநார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் முன்னேற்றம் காட்டும். எலும்போடு தசையை இணைக்கும் நார்கள் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். இரண்டாம் மாதத்தில் "நன்றாக இருக்கிறதே" என்று தூரத்தையும் சுமையையும் ஒன்றாக ஏற்றுகிறவர்கள் குதிகால் வலியோடும் முட்டிக்குக் கீழே வலியோடும் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: தூரம், அல்லது ஏற்றம், அல்லது சுமை. முதுகுப்பையில் 3 கிலோவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோவாகக் கூட்டி 7, 8 கிலோ வரை போனால் போதும்.

வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம், முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடை. ஒரு நாள் நீண்ட நடை; முதல் மாதம் இரண்டு மணி நேரம், கடைசி மாதம் ஆறு மணி நேரம். இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடுவே 48 மணி நேர இடைவெளி விடுங்கள். மலை அருகில் இல்லாதவர்களுக்கு மாடிப்படி போதும். படி ஒன்று 18 சென்டிமீட்டர் என்றால் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 5,500 படிகள். ஒரே நாளில் இதைச் செய்ய வேண்டியதில்லை, ஆனால் கணக்கு தெரிந்திருக்கட்டும். சுமையோடு ஏறும்போது கல்லுக்குப் பதில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்து, மேலே போனதும் கொட்டிவிட்டுக் காலிப்பையோடு இறங்கலாம். முழங்கால் பழகும்வரை இது பெரிய உதவி.

இறக்கத்துக்கென்று தனியாக ஒரு பயிற்சி. 20 சென்டிமீட்டர் உயரமுள்ள படியில் வலது காலால் நில்லுங்கள். இடது கால் படிக்கு வெளியே தொங்கட்டும். மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே வலது முழங்காலை மடக்கி, இடது குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை இறங்குங்கள். எடையைத் தரையில் போடாமல் மறுபடி மேலே வாருங்கள். முழங்கால் காலின் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சரிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மலையிறங்கிய இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார முடியாமல் போவது இந்த வேலைக்குத் தசை பழகாததால்தான். ஏறிப் பழகிய கால் இறங்கிப் பழகிய கால் ஆகிவிடாது.

மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், முன்பில்லாத மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது மாரடைப்பு, சர்க்கரை, கொழுப்பு என்று ஏதாவது இருந்தால், டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். மலையில் திடீர் இதயச் சாவுகள் முதல் நாளில், உடம்பு பழகுவதற்கு முன் செய்கிற கடும் உழைப்பில்தான் அதிகம் நேர்கின்றன. முதல் நாள் அரை நாள் நடையோடு நிறுத்திக்கொள்வதும், அந்த உயரத்தில் ஓரிரவு தூங்கியபின் உழைப்பைக் கூட்டுவதும் கோழைத்தனம் இல்லை.

மாத்திரைப் பெட்டியையும் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து வேகத்தை நிர்ணயிக்கக் கூடாது. நீர்பிரிக்கும் பிபி மாத்திரை, உடலில் தண்ணீர் குறைவு, மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. தூக்க மாத்திரைகள் பல இரவில் மூச்சை மந்தப்படுத்தும். உயரத்துக்குப் பழக உதவும் அசெட்டசோலமைடு, வழக்கமாக 125 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தரப்படுகிறது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். இவை எதிர்பார்க்க வேண்டியவை.

சிறுநீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வயது கூடக் கூடத் தாக உணர்வு மங்குகிறது. போதாக்குறைக்கு, இரவில் குளிரில் கூடாரத்தைவிட்டு வெளியே போகப் பயந்து மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறவர்கள் ஏராளம். மறுநாள் காலைத் தலைவலி உயரத்தால் வந்ததா, தண்ணீர் குறைவால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். வாயகன்ற, மூடியுள்ள புட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிலும் கை தடவித் தெரிய அதற்கு ஒரு ரப்பர் வளையம் போடுங்கள்.

3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்குவதும் பொது விதி. பகலில் அதைவிட மேலே போய்வரலாம்; படுக்கிற உயரம்தான் கணக்கு. உயரத்துக்கு உடம்பு பழகாததால் வருகிற உயர நோய், வயதானவர் என்பதற்காகக் கூடுதலாக வருவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இளைஞர் ஒருவர் தடுமாறினால் எல்லோரும் பதறுகிறார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரர் தடுமாறினால் "பாவம், களைப்பு" என்கிறார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்வது, கையுறையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் விழிப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாம் வயதின் கணக்கில் போய்விடுகின்றன. உயரத்தால் வரும் மூளை வீக்கத்தின் தொடக்கமும் இப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கோட்டில், குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே இதை ஒருமுறை செய்து பார்த்திருந்தால், வழக்கமான தள்ளாட்டம் எவ்வளவு என்பது துணைக்குத் தெரியும். அதைவிடக் கூடினால், இரவானாலும் துணையோடு உடனே இறக்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், அது நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறியாக இருக்கலாம்; அதற்கும் இதே பதில்தான். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி, விரல் சில்லிட்டிருந்தால் தவறாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

செங்குத்தான இடங்களில் நடக்கும் முறையே வேறு. முன்காலைத் தூக்கி வைத்தபின் எடையை அதில் உடனே போடாதீர்கள். பின்காலின் முழங்காலை நேராக்கி, உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலின் எலும்பில் நிற்கும்படி ஒரு நொடி நில்லுங்கள். அந்த நொடியில் முன்காலின் தொடை தளர்ந்திருக்க வேண்டும். கையால் தொட்டால் மெத்தென்று இருக்கும். பிறகு எடையை மாற்றி அடுத்த அடி. அடிக்கு ஒரு மூச்சு, மேலே போகப் போக இரண்டு. உதட்டைக் குவித்து ஊதி வெளியேற்றினால் உள்ளே இழுப்பது தானாக நடக்கும். பார்க்க நகராதது போலிருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் நிற்காமல் போகலாம். இருபது அடி விரைந்து நடந்து மூன்று நிமிடம் குனிந்து நிற்கிறவரை இந்த நடை முந்திவிடும்.

திரும்பி இறங்கும்போது ஊன்றுகோல்களை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். பூட்ஸின் மேல்பகுதிக் கயிற்றை இறுக்குங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து, விரல் நகங்கள் மணிக்கணக்கில் பூட்ஸின் மூக்கில் இடித்துக்கொண்டே வந்து கறுத்துப்போகும். நகத்தைக் கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். கண்ணாடியையும் மாற்றுங்கள். வாசிக்கவும் தூரம் பார்க்கவும் ஒன்றாக உள்ள கண்ணாடியில் கீழ்ப்பாதி, கைநீட்டும் தூரத்துக்கானது. இறங்கும்போது அடுத்த அடி வைக்கப்போகிற கல் சரியாக அந்தப் பாதியில்தான் விழுகிறது. மங்கலாக, இருக்கிற ஆழத்தைவிட வேறாகத் தெரிகிறது. தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றை, வெயில் தடுப்போடு, இறக்கத்துக்கென்றே செய்துகொள்ளுங்கள். புதுக் கண்ணாடிக்குக் கண் பழக இரண்டு வாரம் ஆகலாம் என்பதால், கடைசிப் பயிற்சி நடைகளில் அதையே போட்டு இறங்குங்கள்.