ஆடி மாதத்தில் போட்ட பிஆர்பி ஊசி

டென்னிஸ் எல்போ வருவதற்கு டென்னிஸ் ஆட வேண்டியதில்லை. மதுரையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன், கத்தரிக்கோல் போதும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைநார், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில்தான் ஒட்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் இழுபட்டு அந்த இடம் நைந்துபோகிறது. துணி பிழிய முடியாது. தோசைக்கல்லைத் தூக்க முடியாது. லைனிங் துணியை நாலு மடிப்பாகப் போட்டு வெட்டினால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

பட்டை, பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. வலி தொடங்கி ஒரு வருஷமும் தாண்டிவிட்டது. எலும்பு டாக்டர் இரண்டு ஊசிகளைச் சொன்னார். ஸ்டீராய்டு போட்டால் சில நாளிலேயே வலி இறங்கும், ஆனால் சில மாதத்தில் திரும்ப வருவது சகஜம். "அடிக்கடி போட்டா தசைநாரே பலவீனமாயிரும்மா" என்றார். இன்னொன்று பிஆர்பி. நம் ரத்தத்தையே எடுத்து, அதிலிருக்கும் பிளேட்லெட்டைச் செறிவாக்கி, நைந்த இடத்தில் ஏற்றுவது.

டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் என்ற பெயர் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். காயம்பட்டால் ரத்தத்தை உறைய வைப்பது அதன் வேலை. கூடவே, திசு வளரத் தூண்டும் சில புரதங்களையும் அது வெளியே விடுகிறது. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் தானாக ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். அந்தப் புரதங்களை நேராக அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதுதான் இதன் யோசனை.

"நிச்சயமா கேக்குமா டாக்டர்?" என்றேன். அவர் மழுப்பவில்லை. நெதர்லாந்தில் 100 பேரை வைத்து நடத்தி 2010-ல் வந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து ஸ்டீராய்டு போட்டவர்களைவிடப் பிஆர்பி போட்டவர்கள் நன்றாக இருந்தார்களாம். ஆனால் 2021-ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிவிட்டு, முழங்கை வலிக்கு இதனால் சொல்லும்படியான பலன் இல்லை என்ற பக்கம்தான் சாய்ந்தது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரிடம் சோதித்ததில், வெறும் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். ஸ்டீராய்டுக்கு மனசில்லை, ஆபரேஷனுக்குத் தைரியமில்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையிலும் ஈ ஓட்டுகிற நேரம்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தது. அது குறைந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், உடம்பில் கிருமித்தொற்று இருப்பவர்களுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. புரூஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்குமாம். வலித்தால் பாராசிட்டமால் மட்டும்.

ஊசி போட்ட அன்று 30 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாய்களில் ஊற்றி, சுழலும் மிஷினில் வைத்தார்கள். அது நின்றதும் நர்ஸ் பெண் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அடியில் கெட்டிச் சிவப்பு, நடுவில் நூல் கனத்துக்கு வெளுத்த ஒரு வளையம், மேலே மஞ்சள் தண்ணீர். நூல் கடையில் லெமன் மஞ்சள் என்று கொடுப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் மங்கல். "சிவப்பு வேணாம்கா, மேலதான் வேணும்" என்று சொல்லி, மஞ்சளை வேறு குழாய்க்கு மாற்றி மறுபடி சுற்றவிட்டாள். கடைசியில் மிஞ்சியது 3 மில்லிதான்.

தோலை மரக்க வைத்துவிட்டு, ஸ்கேன் கருவியை முழங்கையில் வைத்துத் திரையைப் பார்த்தபடியே டாக்டர் ஊசியை இறக்கினார். ஒரே இடத்தில் போட்டு முடிப்பதில்லை. தோலில் ஒரே துளைதான், உள்ளே ஊசியை வெளியே எடுக்காமலே திருப்பித் திருப்பிக் குத்துகிறார்கள். தோல்தான் மரத்திருக்கும், உள்ளே நன்றாகவே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி வந்த வலி, அதற்கு முன்பிருந்ததைவிட அதிகம். இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பிளேட்லெட் சமாச்சாரம் என்று காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டு அத்தை பப்பாளி இலைச் சாறோடு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீக்கம் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை. முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதை மற்றக் கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். தினமும் இதேதான். ஆவணி முகூர்த்தம் முழுக்க கட்டிங்கைக் கடைப் பெண்ணிடம் விட்டுவிட்டு நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டவுடன் வலி பறந்துவிடும் என்று விளம்பரம் பண்ணுகிறவர்கள் இந்த மாதங்களைச் சொல்வதேயில்லை.

புரட்டாசியில் துணி பிழிய முடிந்தது. தீபாவளித் தையலுக்கு நாலு மடிப்பு லைனிங்கை நானே வெட்டினேன். ஊசியா, பாட்டிலா, இல்லை கைக்குக் கிடைத்த ஓய்வா, எது கேட்டது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. டாக்டரும் சொல்லவில்லை.

செலவு 9,000 ரூபாய். படுக்கையில் சேராததால் இன்சூரன்ஸில் வரவில்லை. நிறைகுடம் தூக்கினால் இன்னும் சுருக்கென்கிறது. இரண்டாவது ஊசி பற்றிக் கேட்டார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மோட்டார் கட்டிங் மிஷின் வாங்கலாமென்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.