பழையதைக் கொண்டு வந்தீர்களா?

கும்பகோணத்தில் அப்பாவின் சைக்கிள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து எந்தச் சாமான் கேட்டாலும் அவர் உடனே அலமாரிப் பக்கம் திரும்பமாட்டார். "பழையதைக் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்பார். கொண்டு வராதவரை வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்லிவிடுவார். கையில் காசோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் இந்த மனிதர் எப்படித்தான் பிழைக்கிறார் என்று கல்லூரி நாள்களில் எனக்குத் தோன்றும்.

அதன்பின் நான் அம்பத்தூரில், சைக்கிள் உதிரிபாகங்களை இணையத்தில் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும்தான்.

குடோனின் பின்சுவரில், திரும்பி வந்த பொருள்களுக்கென்று ஒரு ரேக் இருந்தது. முதல் மாதம் அதிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதித்தேன். பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீல் ஒழுங்காகச் சுற்றியது. செயின் வழுக்கிக்கொண்டு மடங்கியது. சீட் கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பெட்டியின் மேலும் 'பழுதான பொருள்' என்றுதான் சீட்டு ஒட்டியிருந்தது. காரணம் எங்கள் படிவம். பழுது, மாறி வந்தது, வழியில் உடைந்தது, இனித் தேவையில்லை என்று நான்கு கட்டங்கள்தான் அதில். 'பொருள் நல்ல பொருள்தான், என் வண்டிக்குச் சேரவில்லை' என்று சொல்ல இடமே கிடையாது. எனவே எல்லாரும் முதல் கட்டத்தைத் தொட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் முதலாளி அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு லூதியானாவில் இருக்கும் சப்ளையரோடு சண்டை போடுவார். சப்ளையர் அங்கே பொருளைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே சுற்றுகிறது?" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

சேராததில் முதல் இடம் டயருக்கு. 26 இஞ்ச் டயர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கியர் வைத்த மலைச் சைக்கிளுக்கு வரும் 26, ரிம்மில் உட்காரும் இடத்தில் 559 மில்லிமீட்டர் விட்டம். பெண்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளின் 26 x 1⅜ டயரோ 590. முப்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசம். எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ டயர் 635. 29 என்று விற்கும் டயர் 622. அதாவது 28-ஐவிட 29 சின்னது! இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, வாங்குகிறவருக்கு அது எதற்கு?

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியின் சைக்கிளுக்கு 26 இஞ்ச் டயர் ஒரு ஜோடி வாங்கினார். நாங்கள் அனுப்பியது 559. அவர் திருப்பி அனுப்பினார். 'வாடிக்கையாளர் தவறாக ஆர்டர் செய்தது' என்று பதிந்து, போகவர கூரியர் செலவைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை அனுப்பினோம். பதிந்தது நான்தான். எங்கள் இணையப் பக்கத்தில் 26 என்றுதான் இருந்தது, அவர் வண்டியும் 26தான். இதில் அவர் செய்த தவறு என்ன? அன்று இரவு பஸ்ஸில் போகும்போதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

மறுநாள் டயர்களின் தலைப்பையெல்லாம் 559, 590 என்று மாற்றினேன். விற்பனை படுத்துவிட்டது. "559 என்று யார் தேடுவார்கள்?" என்றார் முதலாளி. அவர் கேட்டதும் நியாயம்தான். கடைசியில் தலைப்பில் 26 இருக்கட்டும் என்றும், விளக்கத்தின் முதல் வரியில் 'உங்கள் பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்' என்று போடுவதென்றும் ஒத்துக்கொண்டோம். தட்டச்சு செய்து முடித்தபோதுதான் கவனித்தேன், அது அப்பாவின் கேள்வி.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மையில் பொருள் இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. முதல் நிபந்தனையை நாங்கள் 48 நொடிகளில் நிறைவேற்றிவிடுவோம். 'உங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது' என்று இயந்திரமே பதில் போட்டுவிடும். அந்தப் பதிலைப் படித்துவிட்டு எரிச்சலோடு கூப்பிடுகிறவர்களின் குரல்தான் காலையில் எனக்கு முதலில் கேட்கும்.

திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டவரை மறக்க முடியாது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பேரனின் சைக்கிளுக்கு ஒரு ஜோடி பெடல் வாங்கியிருந்தார். பத்து நாளில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்று புகார். படிவத்தில் 'பழுது'. வேறு ஜோடி அனுப்பினோம். அதுவும் விழுந்துவிட்டது. இந்த முறை படமும் அனுப்பியிருந்தார். பெடலின் மரையில் அலுமினியச் சுருள் தேங்காய்த் துருவல்போல அடைந்திருந்தது. மரையின் நுனியை உற்றுப் பார்த்தேன். ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. கழன்று விழுந்ததோ இடது பக்கத்துப் பெடல்.

"ஐயா, இடது பக்கத்துக்கு எந்தப் பெடலைப் போட்டீர்கள்?"

"முதலில் ஒன்றை வைத்துத் திருகினேன், பிடிக்கவே இல்லை. இன்னொன்றை வைத்து ஸ்பேனரால் அழுத்தினேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது தம்பி."

பிடிக்கவில்லை, அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடது பெடலுக்கு எதிர்மரை. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நேர்மரை வெட்டிய எஃகு பெடலை எதிர்மரைத் துளையில் வைத்து அழுத்தினால், பெடல் மாட்டும் கையான கிராங்க் அலுமினியமாக இருந்தால், எஃகு தனக்கு வேண்டிய வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். நான் சொல்லி முடித்ததும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "முப்பத்தைந்து வருடம் விதிப்புத்தகம் படித்து வேலை பார்த்தவன் நான். அட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதியிருந்தால் படித்திருக்கமாட்டேனா?"

அவருக்கு இப்போது தேவை பெடல் இல்லை, இடது கிராங்க். "அவர் கெடுத்ததற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார் முதலாளி. என்னிடம் நல்ல பதில் இல்லை. அசல் விலைக்கு ஒரு கிராங்க் அனுப்பினோம். கூரியர் செலவு எங்களுடையது. கூடவே ஒரு சிவப்புச் சீட்டு அச்சடித்து எல்லாப் பெடல் பெட்டிகளிலும் போட ஆரம்பித்தோம்: 'எல் என்றிருப்பது இடது பக்கம். கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும்.' பெடல் புகார்கள் குறைந்தன. முதலாளி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டு தீர்ந்தபோது அவரே அச்சகத்துக்குச் சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே பழுதானவையும் வரும். எண்ணெய் கசியும் பிரேக் லீவர் ஒன்றுக்கு உத்தரவாதம் கேட்டு இறக்குமதியாளருக்கு அனுப்பினோம். அவர் வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதினார், அங்கிருந்து இன்னொரு படம் கேட்டார்கள். புது லீவர் வர ஆறு வாரம். அதுவரை வாடிக்கையாளரின் வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அந்த ஆறு வாரத்துக்கு உத்தரவாதம் தருகிறவர் யாருமில்லை.

பின்பக்கக் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டுதான் எங்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. சைக்கிள் விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாக அது வளைய வேண்டும் என்பதற்காகவே வைத்தது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனவே பழையதைக் கழற்றி, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதை வைத்துத் துளைகளின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்த அந்த நாணயம் எங்கள் அலுவலகத்தில் மட்டும் தாராளமாகச் செல்லுபடியானது.

அந்த வேலையில் இருந்த கடைசிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். கையில் அட்டைப் பெட்டி. ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, எங்களுடையது. உள்ளே ஏழு பல்சக்கரக் கேசட். அப்பா பெட்டியைத் தொடவில்லை.

"பழையது எங்கே?"

"வண்டியிலேயே இருக்கிறது தாத்தா. எப்படிக் கழற்றுவதென்று தெரியவில்லை."

அப்பா சக்கரத்தைக் கழற்றினார். கழற்றும் சாவியை வைஸில் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருப்பு. 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. பழைய ஃப்ரீவீலைத் துடைத்துச் செய்தித்தாளில் வைத்தார், பக்கத்தில் புதியதை வைத்தார். ஒன்றின் நடுத்துளையில் மரை. மற்றதில் வெறும் பள்ளங்கள். பையன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?" அப்பா கேட்டது பையனை, பார்த்தது என்னை. பெட்டியிலிருந்த தேதியைப் பார்த்தேன். திருப்பி அனுப்பும் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தேன். பழக்கதோஷம், கல்லாவில் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அப்பா அதையெல்லாம் வாங்குவதில்லையாம். பையன்தான் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தான். எந்தக் கடையிலும் செல்லவில்லை என்றான்.