ஷாட்கன் மைக்: மாடி அறையிலும் கூத்துக் களத்திலும்

வேலூரில் பாட்காஸ்ட் பதிவும் லைவும் செய்து தருவது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் பலரும் ஷாட்கன் மைக்தான் வேண்டும் என்பார்கள். முகத்தை மறைக்காது, தள்ளி வைத்தாலும் குரலை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மறைக்காது என்பது உண்மை. இழுக்கும் என்பதுதான் இல்லை.

அந்த மைக் செய்வதெல்லாம் பக்கத்துச் சத்தத்தைக் குறைப்பதுதான். முன்னால் நீண்ட குழாயின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். நேராக வரும் ஒலி சிதையாமல் உள்ளே போகும். பக்கவாட்டில் வருவது ஒவ்வொரு துளையிலும் வெவ்வேறு நேரத்தில் நுழைந்து, தன்னைத் தானே அடித்துக்கொண்டு அடங்கும். ஆனால் குழாயின் நீளத்தைவிட அலைநீளம் குறைந்த ஒலிகளிடம்தான் இது நன்றாக நடக்கும். 25 செ.மீ. குழாய் என்றால் சுமார் 1,400 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதற்குக் கீழே இருக்கும் ஜெனரேட்டர் உறுமலையும் ஏ.சி. இரைச்சலையும் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது.

சத்துவாச்சாரி பக்கத்து மாடி அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், தாழ்ந்த கான்கிரீட் கூரை. பேசுகிறவரின் குரலே எதிரொலித்து எல்லாத் திசையிலிருந்தும் குழாய்க்குள் நுழையும். கேட்டால் குடத்துக்குள் பேசுவது போலிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வயதான விருந்தினர் ஒருவரை உட்கார வைத்து ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே மேடையில் கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் போதும். ஷாட்கன்தான் வேண்டுமென்றால் தலைக்கு மேலே, கேமரா ஃபிரேமுக்கு வெளியே அதன் ஓரத்தை ஒட்டி, ஒன்றரை அடிக்குள், நெஞ்சைப் பார்த்துச் சாய்த்து வைப்பேன். தரையில் ஜமுக்காளம் விரித்துவிடுவேன். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக் ஒலியின் அளவை, ஏற்றினால் அறையின் எதிரொலியும் சேர்ந்து ஏறும்.

இந்த மைக்கின் அருமை தெரிவது வெட்டவெளியில்தான். ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்தை லைவ் போடச் சொல்வார்கள். ஊரை விட்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் விடிய விடியப் பார்ப்பார்கள். பந்தலில் தொங்கும் மைக்கின் லைனை, அதாவது அதன் வயரில் வரும் ஒலியை, மட்டும் எடுத்தால் பாட்டு வரும், ஆர்மோனியப் பெட்டியும் முகவீணைக் குழலும் வரும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்துக்குள் இறங்கி வம்பிழுப்பதும், ஜனங்கள் திருப்பிச் சொல்வதும் வராது. கூத்தில் பாதி அதுதானே!

துரியோதனன் வீழ்வதை நடிக்கும் படுகளத்தன்று தொங்கும் மைக்கே கிடையாது. களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பீமன் அவனைச் சுற்றிச் சுற்றி வருவார். காற்று அடிக்கும் என்பதால் மைக்குக்கு மயிர் உறை போட்டு, பூம் என்ற நீளமான கம்பில் மாட்டிப் பையன் தூக்கிப் பிடிப்பான். பீமன் சட்டென்று திரும்பினால் வசனத்தின் கூர்மை போய்விடும். ஹெட்போனில் அது கேட்ட கணமே பையனின் மணிக்கட்டு திரும்ப வேண்டும். நல்ல பூம்காரருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்பது முன்பே தெரியும். கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளைத்தான் நான் இதற்கு அழைப்பேன்.

பின்பக்கம் கேட்காது என்று நினைத்து ஜெனரேட்டரை மைக்குக்கு நேர் பின்னால் வைப்பார்கள். தாழ்ந்த ஒலிக்கு நேர் பின்னாலும் ஓரளவு காது உண்டு. பின்பக்கத்திலேயே சற்றுக் கோணத்தில் தள்ளி வைத்தால் உறுமல் அடங்கும்.

அப்புறம், லைனையும் ஷாட்கனையும் கலக்கும்போது ஒரு வேலை இருக்கிறது. 20 அடி தள்ளி நிற்கும் மைக்குக்குக் குரல் சுமார் 18 மில்லி செகண்ட் பிந்தி வரும். மிக்சரில் லைனை அதே அளவு தாமதப்படுத்தினால் பாட்டு இரட்டையாகக் கேட்காது. வீடியோ இன்னும் பிந்தி வரும் என்பதால், பிறகு மொத்த ஒலியையும் அதற்கேற்பத் தள்ளி வைக்க வேண்டும். இதைக் கூத்து தொடங்குவதற்கு முன்பே, கேமரா முன்னால் ஒருவரைக் கை தட்டச் சொல்லிச் சரிபார்த்துவிடுவேன்.