ஒரே ஞானஸ்நானம், மூன்று விதத் தண்ணீர்

மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் குழந்தைக்கு ஞானஸ்நானம் (தண்ணீரால் சபையில் சேர்க்கும் சடங்கு) கிடையாது. விவரம் தெரிந்து, விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பிறகுதான். இதில் அதன் கிளைகளுக்குள் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் தண்ணீரை எப்படிக் கையாளுவது என்பதில்தான்.

பழைய சபைகளில் ஊற்றுதல். ஞானஸ்நானம் பெறுபவர் முழங்காலில் நிற்பார். மூப்பர் (சபைத் தலைவர்) இரு கைகளையும் குவித்து அவர் தலைமேல் பிடிப்பார். உதவிக்காரர் குடுவையிலிருந்து அந்தக் கைகளுக்குள் தண்ணீர் வார்க்க, மூப்பர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி விரல்களைத் தளர்த்துவார். வேகமாக வார்த்தால் தண்ணீர் தலைக்குப் போகாது, மூப்பரின் சட்டைக் கைக்குள் போகும்.

1860 ஜனவரி 6 அன்று தென் ரஷ்யாவின் மொலோச்னா குடியேற்றத்தில் (இன்றைய உக்ரைன்) 18 குடும்பத் தலைவர்கள் கையெழுத்திட்டுப் பிரிந்து மென்னோனைட் பிரதரன் (சகோதரர்) என்ற புதுச் சபை ஆனார்கள். பலர் நினைப்பதுபோல முதல் காரணம் தண்ணீர் இல்லை. நடத்தை திருந்தாதவர்களோடு திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் சடங்கில்) உட்கார மாட்டோம் என்பதே அது. மூழ்குதல் செப்டம்பரில்தான் வந்தது. மூழ்கியவர் ஒருவருமே இல்லாதபோது முதலில் யார் யாருக்குக் கொடுப்பது? யாக்கோப் பெக்கரும் ஹைன்ரிக் பார்ட்டலும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டு அந்தச் சிக்கலை முடித்தார்கள்.

இவர்கள் ஆளை நிற்கவைத்து, அடக்கம் செய்வதுபோலப் பின்பக்கமாகச் சாய்த்து மூழ்க வைத்தார்கள். 1869இல் கிரிமியாவில் தோன்றிய இன்னொரு குழுவும் மூழ்குதல்தான். ஆனால் தண்ணீரில் முழங்காலிட்டு முன்பக்கமாக! இரண்டும் 1960இல் ஒன்றாயின.

மூழ்குதலால், அதே முறையில் ஞானஸ்நானம் கொடுக்கும் பாப்டிஸ்ட் பிரிவினரோடு பிரதரன் சபை ஒட்டுவது எளிதாயிற்று. ரஷ்யாவிலிருந்து வந்த ஆபிரகாம் ஃப்ரீசன், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் கீழ் நல்கொண்டாவில் (இன்றைய தெலங்கானா) ஊழியம் செய்தது அப்படித்தான். சொந்த மென்னோனைட் உறவுக்காரர்களோடுதான் ஒட்டவில்லை. ஊற்றுதல் பெற்ற ஒருவர் பிரதரன் சபையில் சேர வந்தால் மறுபடி மூழ்க வேண்டும். முந்தையது செல்லாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுதானே அது? அந்த விதி வட அமெரிக்காவில் 1963 வரை நின்றது.

இத்தனைக்கும் 1920இல் உக்ரைன் பஞ்சத்துக்கு உதவ மென்னோனைட் மத்தியக் குழுவை எல்லாரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் 43 ஆண்டு ஆயிற்று.

இப்போது பிரதரன் சபை தன் கையால் கொடுப்பது மூழ்குதல் மட்டும். வேறிடத்தில் அறிக்கையிட்டு ஊற்றுதல் பெற்றவரை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையில் பெற்றவர் மட்டும் இன்றும் தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.