உட்லீயில் முக்கால் மணி நேரம்

சிங்கப்பூரில், பெருவிரைவு ரயில் நிலையத்தில் பயணிகள் சேவை முகப்பில் எனக்கு வேலை. அட்டையில் பணம் தீர்ந்தவர்கள், குடையைத் தொலைத்தவர்கள், வழி தெரியாத முதியவர்கள் என்று நாள் போகும். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கூட்டம். அவர்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

அது ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. உயர்நிலை நான்கு படிக்கிற மூன்று பெண்கள் உட்லீ நிலையத்தில் வெகுநேரம் நின்றார்கள். நடுவில் இருந்தவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, இங்க வேற வாசல் இருக்கா? ஃப்ரண்டு வந்துட்டேன்னு சொல்றான், ஆளைக் காணோம்."

"எங்க நிக்கிறானாம், பாப்பா?"

"காஸ்வே பாயிண்ட் பக்கத்துல."

புரிந்துவிட்டது. காஸ்வே பாயிண்ட், உட்லண்ட்ஸ் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதி. இவள் சொன்ன உட்லீ, அவன் காதில் உட்லண்ட்ஸ் என்று விழுந்திருக்கிறது. அது தீவின் வடக்கு முனை, ஜொகூர் பாலத்துக்குப் பக்கம். போனை வாங்கி நானே பேசினேன். "தம்பி, பீஷான் வரைக்கும் வா. அங்க வட்டப் பாதைக்கு மாறி சிராங்கூன். மறுபடி மாறினா அடுத்த ஸ்டேஷன் உட்லீ." எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அவள் முகம் வாடிப்போனது. இந்த நிலையமே காத்திருந்த நிலையம்தான் என்று சொன்னேன். 2003-ல் வடக்கு கிழக்குப் பாதை ஓடத் தொடங்கியபோதே இதைக் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனால் சுற்றிலும் குடியிருப்பு இல்லை, பிடாடரி இடுகாடு இருந்த நிலம்தான். அதனால் ரயில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது. 2011 ஜூன் 20-ல்தான் திறந்தார்கள்.

"எட்டு வருஷமா!" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலை ஓடியது.

அப்புறம் இன்னொரு அழைப்பு. அவளுக்குப் பிடிக்குமே என்று பையன் வாசம் தூக்கும் டுரியான் பழம் வாங்கி, மூன்று பையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். நிலையத்துப் பலகையில் சாப்பிட்டால் 500 வெள்ளி (டாலர்) அபராதம், புகைபிடித்தால் 1,000 வெள்ளி என்று இருக்கும். டுரியானுக்கும் தடை உண்டு, ஆனால் அதற்கு மட்டும் தொகை கிடையாது. அபராதம் இல்லையென்றால் மூடி எடுத்துப் போகலாம் என்று நினைத்துவிட்டான், பாவம். துணைக்கு வந்த இரண்டு நண்பர்களும் பழத்தோடு வெளியே உட்கார்ந்துகொள்ள, இவன் மட்டும் ரயில் ஏறினான்.

முதல் சந்திப்புக்கு இரண்டு பக்கமும் நண்பர்களோடு வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வெறுங்கையோடு, வியர்த்து வந்து நின்றான். "சாரி" என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவனுடைய கையில் டுரியான் வாசம் என் முகப்பு வரைக்கும் வந்தது.

அவள் தோழிகளைப் பார்த்தாள். "சிராங்கூன், பீஷான், அப்புறம் நேரா உட்லண்ட்ஸ். சரிதானே, ஆன்ட்டி? அவனுங்க முடிக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்றாள்.

நான்கு பேரும் அட்டையைத் தட்டி உள்ளே ஓடினார்கள்.